கடைக்குத் தனி சர்வர் வேண்டுமா, இருக்கிற பிசியே போதுமா?

மதுரையில் கடை, கிளினிக், மில், பட்டறை வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிற கேள்வி இது. கணினி ஏழெட்டு ஆகிவிட்டது. பில்லிங் சாஃப்ட்வேர்காரர் "சர்வர் ஒண்ணு வாங்கிருங்க சார்" என்கிறார். கணினி விற்கிறவர் "எதுக்குண்ணே அம்புட்டுச் செலவு, நல்ல ஐ7 பெட்டியில விண்டோஸ் 11 போட்டுத் தர்றேன், அதையே சர்வரா வச்சுக்கங்க" என்கிறார். ஓடுமா என்று கேட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். அப்படி ஓட்ட லைசென்ஸ் விடுகிறதா என்பதை இரண்டு பேருமே சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. அதனால்தான் தேவையே இல்லாத இடத்தில் லட்சக்கணக்கில் சர்வர் வாங்கியவர்களும் இருக்கிறார்கள், உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் உடைத்த விண்டோஸை வைத்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: எத்தனை கணினி என்று எண்ணுவதற்கு முன்னால், அந்தப் பெட்டிக்குள் மற்றவர்கள் வந்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சில வேலைக்கு 15 கணினி இருந்தாலும் சாதாரண பிசி போதும். சில வேலைக்கு இரண்டாவது ஆள் நுழையும்போதே கூடாது.

## எதையெல்லாம் வைத்து முடிவெடுப்பது

முதலில் வேலையின் தன்மை. மற்ற கணினிகள் அந்தப் பெட்டியில் இருக்கும் ஃபோல்டரைத் திறக்கின்றனவா, அதில் மாட்டியிருக்கும் பிரின்டரைப் பயன்படுத்துகின்றனவா, உள்ளே ஓடும் டேட்டாபேஸோடு பேசுகின்றனவா, அல்லது ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து அதன் விண்டோஸிலேயே உட்கார்ந்து வேலை செய்கின்றனவா? கடைக்காரருக்கு இந்த நான்குமே "சர்வர்ல ஓடுது" என்ற ஒரே பேச்சுதான், லைசென்ஸுக்கு எல்லாம் ஒன்று அல்ல.

அடுத்தது எண்ணிக்கை, இதில் கணினிகளோடு மற்றவையும் சேரும். ஸ்கேன் செய்து ஷேர் ஃபோல்டரில் போடுகிற ஜெராக்ஸ் மெஷின், குடோனில் ஸ்டாக் பார்க்கிற டேப்லெட், முதலாளியின் லேப்டாப் எல்லாம் கணக்கில் வரும். அப்புறம் எங்கிருந்து வேலை என்பது: எல்லோரும் ஒரே கட்டடத்திலா, கீழமாசி வீதியில் கடையும் கப்பலூரில் குடோனுமா? பணத்தில் ஒரே தடவை செலவா, மாதாமாதமா என்று பிரித்துப் பாருங்கள். கடைசியாக, பெட்டி மக்கர் செய்தால் யார் வந்து பார்ப்பார்கள், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்துகிற நாளில் என்ன செய்வீர்கள். இந்தக் கடைசி இரண்டையும் கொட்டேஷனில் யாரும் எழுத மாட்டார்கள்.

## வழி 1: விண்டோஸ் 11 ப்ரோ போட்ட சாதாரண பிசி

விண்டோஸ் 10, 11 இரண்டின் ஒப்பந்தத்திலும் 20 வேறு சாதனங்கள் வரை இந்தக் கணினியை அணுகலாம் என்று இருக்கிறது. எதற்கு என்பதும் அங்கேயே இருக்கிறது: ஃபைல் சேவை, பிரின்ட் சேவை, ஐஐஎஸ் என்ற வெப் சர்வர், இணைய இணைப்புப் பகிர்வு, தொலைபேசிச் சேவை. எக்ஸ்பி ப்ரோ காலத்தில் இது 10 ஆக இருந்தது, விண்டோஸ் 7 வந்தபோது 20 ஆனது. அதே ஒப்பந்தத்தில் வேறொரு இடத்தில், இதை சர்வர் மென்பொருளாகப் பயன்படுத்தக் கூடாது, வணிக ஹோஸ்டிங்குக்கு வைக்கக் கூடாது, நெட்வொர்க் வழியாகப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்படி வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

டேலியை எடுத்துக்கொள்வோம். டேலிபிரைம் சில்வர் ஒரு கணினிக்கு, கோல்டு ஒரே லேனில், அதாவது ஒரே உள்ளூர் நெட்வொர்க்கில், இருக்கும் பல கணினிகளுக்கு. கோல்டு வாங்கி, டேட்டா ஃபோல்டரை ஒரு பிசியில் வைத்து ஷேர் செய்து, மற்ற கணினிகளில் அவற்றிலேயே போட்ட டேலியிலிருந்து அந்த ஃபோல்டரைத் திறக்கிறீர்கள் என்றால் அது சுத்தமான ஃபைல் சேவை. 20 சாதனம் வரை விண்டோஸ் லைசென்ஸில் பிரச்சினையே இல்லை. விளக்குத்தூண் பக்கம் ஐந்தாறு கணினியோடு நடக்கிற ஜவுளிக் கடை ஒன்று இதற்காக சர்வர் ஓஎஸ் வாங்க வேண்டியதில்லை. வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

உங்கள் பெட்டியின் வரம்பை நீங்களே பார்க்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து "நெட் கான்ஃபிக் சர்வர்" (net config server) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்தால், அதிகபட்சம் எத்தனை பேர் என்ற வரியில் 20 என்று காட்டும், அதற்குக் கீழே சும்மா கிடக்கும் இணைப்பை எத்தனை நிமிடத்தில் துண்டிக்கும் என்றும் காட்டும், வழக்கமாக 15. இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதை கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் செஷன்ஸ் என்ற இடத்தில் பார்க்கலாம். ஜெராக்ஸ் மெஷின் பெயர் அங்கே நிற்பதைப் பார்த்துப் பலர் ஆச்சரியப்படுவார்கள். சும்மா கிடக்கும் இணைப்புகள் விலகிக்கொண்டே இருப்பதால் 25 சாதனம் இருக்கிற கடையில்கூட பல நாள் ஒரு தடங்கலும் தெரியாது, திடீரென்று மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரும்போது, இனிமேல் இணைப்பு ஏற்க முடியாது என்ற செய்தி ஒருவருக்கு வரும். தடங்கல் தெரியவில்லை என்பதால் லைசென்ஸ் சரியாகிவிடாது, ஒப்பந்தம் சாதனங்களை எண்ணுகிறது, அந்த நிமிடத்து இணைப்புகளை அல்ல. நடுவில் இணைப்புகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்புகிற மென்பொருளையோ கருவியையோ வைத்தாலும் தேவையான லைசென்ஸ் எண்ணிக்கை குறையாது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஐஐஎஸ்ஸில் ஓடும் வெப் பில்லிங்கில் இன்னொரு தொல்லை உண்டு. ப்ரோவில் ஒரே நேரத்தில் 10 கோரிக்கைகளைத்தான் அது கையாளும், ஹோம் பதிப்பில் மூன்று. மற்றவை வரிசையில் நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, திரை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், "நெட் ஸ்லோ" என்று சொல்லி ஸ்விட்சை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள்.

டேட்டாபேஸ் விஷயத்துக்கு வருவோம், சிக்கலே இங்கேதான். மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம், விண்டோஸ் 11-ல் நிறுவுவதை அந்த நிறுவனமே ஆதரிக்கிறது. ஆனால் விண்டோஸ் ஒப்பந்தத்தின் அந்த 20 சாதனப் பட்டியலில் டேட்டாபேஸ் கிடையாது, மைஎஸ்கியூஎல் மாதிரி வெளியார் மென்பொருளும் கிடையாது, சர்வர் மென்பொருளாகப் பயன்படுத்தாதே என்ற வரியோ அப்படியே நிற்கிறது. இதை இரண்டு விதமாகப் படிப்பவர்களும் உண்டு. நான் பிரித்துப் பார்ப்பது இப்படி: ஒருவர் தினமும் உட்கார்ந்து வேலை செய்கிற பிசியில் டேட்டாபேஸும் சேர்ந்து ஓடி, இன்னும் மூன்று நான்கு கணினி அதைத் தொடுகிறது என்றால் இப்படி ஓட்டலாம் என்று அந்த மென்பொருள் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு நடத்துங்கள். மூலையில் மானிட்டர்கூட இல்லாமல், டேட்டாபேஸ் ஓட்டுவதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது என்றால் அதை சர்வர் இல்லை என்று வாதாட இடமே இல்லை, வழி 2 அல்லது 3-க்குப் போய்விடுங்கள். எக்ஸ்பிரஸுக்கும் தனி வரம்பு உண்டு: 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி, 2025 பதிப்பில் 50 ஜிபி. நான்கு கோருக்கு மேல் தொடாது, டேட்டாவை வைத்துக்கொள்ள நினைவகம் சுமார் 1.4 ஜிபிதான் எடுக்கும். 64 ஜிபி ராம் போட்டு பில்லிங் வேகமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் எந்தக் குழப்பமும் இல்லை. ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர். திருமங்கலத்து வீட்டிலிருந்து கணக்குப்பிள்ளை உள்ளே வந்தால் கடையில் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஹோமில் இந்த வசதியே இல்லை. இதைத் தாண்ட, விண்டோஸின் டெர்மினல் சர்வீஸ் கோப்பையே மாற்றிவிட்டு ஐந்து பேர், பத்து பேர் ஒரே பிசியில் நுழைகிற மாதிரி செய்து தருகிறவர்கள் இங்கே ஏராளம். டேலி, பில்லிங் எல்லாம் ஜோராக ஓடும், விலையும் மலிவு. இது எந்தக் கணக்கிலும் லைசென்ஸுக்குள் வராது, பத்து பேருக்கும் வராது, இரண்டு பேருக்கும் வராது. இன்னொன்று, விண்டோஸ் அப்டேட் வந்து அந்தக் கோப்பு மாறும்போது எல்லாம் படுத்துவிடும், அதனால் செய்து தந்தவரே அப்டேட்டை நிறுத்தி வைத்துவிட்டுப் போவார். அப்டேட் இல்லாத விண்டோஸ், அதுவும் ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டைத் திறந்து வைத்த விண்டோஸ், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேருக்குத் திறந்து போட்ட வாசல். மூன்று வருஷக் கணக்கு முழுவதும் பூட்டிப் போன பிறகு லைசென்ஸில் மிச்சம் பிடித்த காசை நினைத்து என்ன பிரயோசனம்?

இந்த வரம்பு ஏதோ இயந்திரத்தின் இயலாமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1996-ல் விண்டோஸ் என்டி 4.0 வொர்க்ஸ்டேஷனின் சோதனைப் பதிப்பில், பத்து நிமிடத்துக்குள் பத்துக்கு மேல் வேறு ஐபி முகவரிகள் இணைய முடியாதபடி மைக்ரோசாஃப்ட் தடை வைத்தது. வெப் சர்வர் மென்பொருள் விற்றவர்கள் கொதித்தார்கள். தடையை மென்பொருளிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஒப்பந்த வாசகத்தில் மட்டும் விட்டுவைத்தார்கள். வொர்க்ஸ்டேஷனுக்கும் சர்வருக்கும் அடிப்படை ஒன்றுதான், ரெஜிஸ்ட்ரியில் ஓரிரு குறிப்புகளே இரண்டையும் பிரிக்கின்றன என்று மார்க் ருசினோவிச் என்ற மென்பொருள் நிபுணர் அப்போதே பிரித்துக் காட்டினார். அவர் பின்னாளில் மைக்ரோசாஃப்ட்டிலேயே பெரிய பொறுப்புக்கு வந்தார். ஆக, இந்தக் கோடு அன்றிலிருந்தே காகிதத்தில் போட்ட கோடு. காகிதத்தில் இருப்பதும் நம்மைக் கட்டுப்படுத்தும்.

மறைவான செலவு இந்த வழியிலும் உண்டு. நல்ல யுபிஎஸ், தினமும் தானாக நடக்கிற பேக்கப், மே மாத வெயிலில் காற்றோட்டமில்லாத கல்லாப் பெட்டி மூலையில் 12 மணி நேரம் ஓடும் பெட்டிக்கு ஒரு நல்ல இடம். தூங்கிப் போகாமல் இருக்க பவர் செட்டிங், வேலை நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகாமல் இருக்க ஆக்டிவ் அவர்ஸ், இவற்றையும் அமைத்தே ஆக வேண்டும். இன்னும் விண்டோஸ் 10-ல் இருப்பவர்களுக்கு: அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

## வழி 2: விண்டோஸ் சர்வர்

டேட்டாபேஸ் முக்கியமாகி, ஆள் கூடி, யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்த வேண்டிய நிலை வந்தால் இதுதான் நேர்வழி. இதில் இரண்டு வகை சின்ன நிறுவனங்களுக்குப் பொருந்தும். அட்டவணையில் வருகிற கேல் என்பது சர்வரைத் தொடுகிற ஆளுக்கோ சாதனத்துக்கோ தனியாக வாங்குகிற அனுமதி லைசென்ஸ்.

| | எசென்ஷியல்ஸ் | ஸ்டாண்டர்ட் |
|---|---|---|
| ஆள், சாதனம் | 25 பேர், 50 சாதனம் வரை | வரம்பு இல்லை |
| கேல் | வேண்டாம் | ஆளுக்கு அல்லது சாதனத்துக்கு ஒன்று |
| பிராசசர் | ஒன்று, 10 கோர் வரை | குறைந்தது 16 கோருக்கு லைசென்ஸ் |
| எப்படி வாங்குவது | புது சர்வர் பெட்டியோடு | தனியாகவும் |

எசென்ஷியல்ஸை நம் ஊர் டீலர்கள் அதிகம் சொல்வதில்லை, கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். 25 பேருக்குள் இருக்கிற கிளினிக்குக்கோ கடைக்கோ அதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். கேல் வாங்க வேண்டியதில்லை என்பதே பெரிய மிச்சம்.

ஸ்டாண்டர்டில் பெட்டியின் விலையைப் பார்த்துவிட்டு கேலை மறந்துவிடுகிறார்கள். 2025 பதிப்புக்கு 16 கோர் லைசென்ஸ் மட்டும் அமெரிக்க விலைப்பட்டியலில் 1,176 டாலர். அதற்கு மேல் அதைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் கேல். எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ் இலவசம் என்றாலும், அதற்குக் கீழே இருக்கும் விண்டோஸ் சர்வருக்கு கேல் வேண்டும். கேலை ஆள் கணக்கில் வாங்குவதா, சாதனக் கணக்கில் வாங்குவதா என்பதை யோசித்தாலே நிறைய மிச்சமாகும். கப்பலூரில் மூன்று ஷிப்ட் ஓடுகிற யூனிட்டில் ஒரே கணினியில் மூன்று பேர் மாறி மாறி உட்காருவார்கள், அங்கே சாதனக் கேல். ஒரே முதலாளி கடை பிசி, லேப்டாப், போன் மூன்றிலிருந்தும் நுழைகிறார் என்றால் ஆள் கேல். சர்வரின் பதிப்பைவிட பழைய கேல் செல்லாது, புதிய கேல் பழைய சர்வருக்குச் செல்லும்.

பலர் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய வேண்டும் என்றால் சாதாரண கேலுக்கு மேல் ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) கேல் தனி. சர்வரோடு வருகிற இரண்டு இணைப்புகள் நிர்வாக வேலைக்கு மட்டும், கணக்கு எழுத அல்ல. இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஆர்டிஎஸ் போட்டால் லைசென்ஸ் இல்லாமலே 120 நாள் சலுகைக் காலம் ஓடும். "எல்லாம் முடிஞ்சுருச்சு சார்" என்று பணம் வாங்கிக்கொண்டு போனவர் நான்கு மாதம் கழித்து போன் எடுக்க மாட்டார், அன்றைக்கு யாரும் உள்ளே நுழைய முடியாது. இதே மாதிரி 180 நாள் சோதனைப் பதிப்பைப் போட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. காலம் முடிந்த பிறகு அது மணிக்கொரு தடவை தானாக அணைந்து போகும்.

வேறு செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண பிசிக்கான ஆன்டிவைரஸ் பலதும் சர்வரில் ஏறாது, சர்வர் பதிப்பு விலை கூடுதல். எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், உங்கள் ஜிஎஸ்டி எண் போட்ட பில்லாக வாங்கினால்தான் உள்ளீட்டு வரியாக எடுக்க முடியும். டேலி கோல்டு வாங்கியிருப்பதால் விண்டோஸ் கேல் தேவையில்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கோல்டு டேலிக்கான அனுமதி, அது விண்டோஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

## வழி 3: லினக்ஸ் அல்லது நாஸ் பெட்டி

லினக்ஸின் இலவச வகைகளான உபுண்டு, டெபியன் இரண்டிலும் எத்தனை பேர் இணையலாம் என்ற லைசென்ஸ் வரம்பே கிடையாது. சாம்பா என்ற ஃபைல் பகிர்வு மென்பொருளை வைத்தால் விண்டோஸ் கணினிகளுக்கு அது சாதாரண ஷேர் ஃபோல்டராகத் தெரியும். போஸ்ட்கிரெஸ், மரியாடிபி என்ற டேட்டாபேஸ்கள் இலவசம். எஸ்கியூஎல் சர்வரும் 2017 பதிப்பிலிருந்து லினக்ஸில் ஓடுகிறது, எக்ஸ்பிரஸ் உட்பட, அப்போது விண்டோஸ் கேல் என்ற பேச்சே இல்லை. இதை உங்கள் பில்லிங் நிறுவனம் ஆதரிக்குமா என்பதுதான் கேள்வி, பெரும்பாலானவர்கள் கையை விரிப்பார்கள், ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

இதன் உண்மையான செலவு ஆள். விண்டோஸ் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார், லினக்ஸ் பெட்டி படுத்தால் சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிற ஆள் உங்களுக்கு இருக்கிறாரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டேலியும் விண்டோஸுக்கு எழுதியது, எனவே அதன் லைசென்ஸைத் தாங்க ஒரு விண்டோஸ் பிசி எப்படியும் வேண்டும். பிரவுசரில் ஓடுகிற ஈஆர்பிநெக்ஸ்ட் மாதிரி மென்பொருளுக்கு மாறுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

வெறும் ஃபோல்டர் பகிர்வுதான் வேலை, சாதனம் 20-ஐத் தாண்டிவிட்டது என்றால் நாஸ் வாங்குங்கள், நெட்வொர்க்கில் நேரடியாக மாட்டுகிற டிஸ்க் பெட்டி அது. ஸ்கேன் காப்பி, டிசைன் ஃபைல், போட்டோ இவற்றை வைக்கிற பிரஸ், ஸ்டூடியோ, ஆடிட்டர் அலுவலகங்களுக்குக் கச்சிதம். இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றின் நகல் மற்றொன்றில் இருப்பதை பேக்கப் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், ஒன்றில் அழிந்தது இரண்டிலும் அழியும்.

## வழி 4: கிளவுட்

கடை ஒரு இடம், குடோன் ஒரு இடம், மேலூரில் ஒரு கிளை, முதலாளி பாதி நாள் வெளியூர் என்றால் உள்ளூர்ப் பெட்டியைவிட இது மேல். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னையிலும் டேட்டா சென்டர் பகுதிகள் இருக்கின்றன. அமேசானில் விண்டோஸ் சர்வர் சேர்த்து வாடகைக்கு எடுத்தால் விண்டோஸ் கேல் தனியாக வேண்டாம், வாடகையிலேயே அடக்கம். ஆனால் பலர் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைவதற்கான லைசென்ஸ் இங்கேயும் தனிச் செலவு, ஆளுக்கு மாதாமாதம் போகும். "அன்லிமிடெட் யூசர்" என்று மலிவாக விற்கிறவர்களிடம் ஆர்டிஎஸ் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். விண்டோஸ் 11-ஐ ஏதோ ஒரு ஹோஸ்டிங்கில் ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வாங்கிய சாதாரண டெஸ்க்டாப் லைசென்ஸ் அதற்குச் செல்லாது.

மூன்று வருஷத்து வாடகையைக் கூட்டிப் பார்த்தால் பல நேரம் ஒரு எசென்ஷியல்ஸ் சர்வரைவிடக் கூடுதலாக வரும். மாசி வீதிகளில் ரோடு தோண்டினால் ஃபைபர் அறுந்துவிடும், அப்போது பில் போட முடியாது, எனவே இரண்டாவது இணைப்பு ஒன்று, குறைந்தது 4ஜி ரவுட்டராவது, கணக்கில் சேர்க்க வேண்டும். கரண்ட் போனாலும் டேட்டா பத்திரமாக இருக்கும் என்பது உண்மைதான், கடையில் இருக்கிற கணினிக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் அப்போதும் வேண்டும்.

## மலிவுக் கீ பற்றி

விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் கீ சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது, ஆக்டிவேட்டும் ஆகும். ஆக்டிவேட் ஆவது லைசென்ஸுக்கு ஆதாரம் கிடையாது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். போட்டுக் கொடுத்தவர் ஊர் மாறிப் போயிருப்பார், கணினி உங்கள் கடையில் இருக்கும்.

கொட்டேஷன் வாங்கும்போது மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: ஒன்று, எந்தப் பதிப்பு, எந்த வழியில் வாங்கிய லைசென்ஸ்; இரண்டு, கேல், ஆர்டிஎஸ் கேல் எத்தனை, அவை தனி வரியாகப் பில்லில் வருமா; மூன்று, பில்லிங் மென்பொருள் ஃபோல்டரைத் திறக்கிறதா, டேட்டாபேஸோடு பேசுகிறதா, ரிமோட்டில் ஓடுகிறதா. மூன்றாவதற்குப் பதில் வராமல் முதல் இரண்டுக்கு விலை போட்டுத் தருகிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.